குவாங்சோவிலிருந்து வந்த களிம்பு மூலத்தைக் குணமாக்குமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வருடமாக மலம் கழிக்கும்போது அவ்வப்போது ரத்தம் போகிறது. ஒருமுறை டாக்டரிடம் போனதில் அவர் விவரம் கேட்டுவிட்டு ‘ரெண்டாம் ஸ்டேஜ் மூலம்’ என்று சொல்லி, ஆபரேஷனுக்கு நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறார். இதற்கிடையில் சீனாவின் குவாங்சோ நகரில் ஜவுளி வியாபாரத்தில் இருக்கும் மைத்துனர் ஊருக்கு வந்தபோது ஒரு களிம்பு டியூபும், வெந்நீரில் கலந்து உட்காரும் மூலிகைப் பொட்டலங்களும், மிளகு அளவில் கறுப்பு உருண்டைகள் கொண்ட ஒரு டப்பாவும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ‘சீனாக்காரர்கள் ரெண்டாயிரம் வருஷமாகச் செய்கிற வைத்தியம், இதற்கு விஞ்ஞான ஆதாரம் உண்டா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இது மேலே தெரிகிற கேள்வி. அடியில் ஓடுகிற கேள்வி, ‘இதை வைத்து ஆபரேஷனிலிருந்து தப்பிக்க முடியுமா?’ என்பது. இரண்டுக்கும் பதில் வேறு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எம்பிபிஎஸ் படித்தது சீனாவில். திரும்பி வந்து இங்கே தேர்வெழுதி, பொது அறுவை சிகிச்சையில் மேற்படிப்பு முடித்து, பத்து வருடத்துக்கு மேலாக அதிகம் பார்ப்பது இந்த மூலம், பவுத்திரம் வகைதான். அங்கே மாணவனாக இருந்தபோது சில வாரங்கள் ஒரு பாரம்பரிய மருத்துவ மருத்துவமனையின் ஆசனவாய்ப் பிரிவில் நின்றேன். சீனாவில் இதற்கென்று தனிப் பிரிவே இருக்கும். முதல் மாடி வராந்தாவில் கால் வைத்தாலே ஒரு வாசனை: வேப்பம்பட்டைக் கஷாயமும் ஈரச் சாக்கும் கலந்த மாதிரி. ஆபரேஷன் முடிந்தவர்கள் காலையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி, கீழே டிகிரி காபி நிறத்தில் ஆவி பறக்கும் தண்ணீர். அந்த ஊர் மாணவர்களுக்கு அது சாதாரணம். எனக்குத்தான் பார்க்கப் பார்க்க ஆச்சரியம். சீன வைத்தியர் ஆகும் அளவுக்கு நான் எதுவும் கற்கவில்லை, நாடி பார்க்கவெல்லாம் தெரியாது. அந்தக் கஷாயங்களில் என்ன போடுகிறார்கள், அதைப் பற்றி என்ன ஆய்வு வந்திருக்கிறது என்பதை மட்டும் அன்று தொடங்கி இன்றுவரை விடாமல் படித்துவருகிறேன்.

‘ரெண்டாயிரம் வருஷம்’ என்பது சரியான கணக்குதான். ஹூனான் மாகாணத்தின் சாங்ஷா நகரில், மவாங்துயி என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1973இல் திறந்தபோது பட்டுத்துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் கிடைத்தன. அதில் 52 நோய்களுக்கான மருந்துகள் என்று இன்று பெயர் வைத்திருக்கும் சுவடியில் மூலத்தை ஆண் மூலம், பெண் மூலம், நாள மூலம், ரத்த மூலம் என்று வகை பிரித்திருக்கிறார்கள். அதில் ஒரு சிகிச்சை இப்படிப் போகிறது: நாயின் மூத்திரப்பையை எடுத்து ஒரு மூங்கில் குழாயில் மாட்டு, ஆசனவாய்க்குள் செலுத்தி ஊது, உப்பியதும் மெதுவாக வெளியே இழு, கூடவே வெளியே வரும் சதையைக் கத்தியால் அறுத்து எடு, அப்புறம் ஹுவாங்சின் வேரைப் பொடித்துத் தூவு. அதாவது, கையில் இருக்கும் மிகப் பழைய சீன ஆதாரத்திலேயே மூலிகை கடைசியில், புண்ணின் மேல்தான் வருகிறது. முன்னால் கத்தி. 992இல் தொகுக்கப்பட்ட அரசாங்க மருந்துத் தொகுப்பில் மூலத்தின் காம்பைச் சிலந்தி நூலால் இறுக்கிக் கட்டினால் தானே விழுந்துவிடும் என்று இருக்கிறது. நாங்கள் இன்று ரப்பர் வளையம் மாட்டுவதும் அதே யோசனைதான். ‘சீன வைத்தியம் என்றால் கத்தி இல்லாமல் பச்சிலை’ என்பது நம் கற்பனை. அவர்கள் அறுத்தார்கள், கட்டினார்கள், சுட்டார்கள், கூடவே பச்சிலையும் வைத்தார்கள்.

பெயர்க் குழப்பம் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். ‘பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மூலம்’ என்று சீனத்தில் ஒரு பழமொழி உண்டு. அந்த ஒன்பதில் எத்தனை பேருக்கு நிஜமாகவே மூலம் என்பது வேறு கதை. நம்மூரில் சுவரிலும் பஸ் ஸ்டாண்ட் தூணிலும் ‘மூலம், பவுத்திரம், வெடிப்பு’ என்று ஒரே மூச்சில் எழுதியிருப்பார்கள். உள்மூலம் என்பது ஆசனவாய்க்குள் இருக்கும் ரத்தநாள மெத்தை வீங்கி இறங்குவது. பெரும்பாலும் வலிக்காது, ரத்தம் சொட்டும். வெடிப்பு என்பது தோல் கிழிசல், கண்ணாடித் துண்டு வெளியே வருவதுபோல் வலிக்கும். பவுத்திரம் என்பது உள்ளேயிருந்து வெளித்தோலுக்கு விழுந்த ஒரு சீழ்ச் சுரங்கம். மூன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியம் வேறு. ஒரே களிம்பு மூன்றையும் குணமாக்கும் என்று எந்த ஊர் டப்பாவில் எழுதியிருந்தாலும் அதை நம்ப வேண்டாம்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் டியூபுக்கு வருவோம். நீங்கள் சொல்லும் பெயரும் பெட்டியின் அடையாளமும் மாயிங்லோங் கஸ்தூரிக் களிம்போடு பொருந்துகிறது. சீனாவில் மருந்துக்கடைக்குள் கண்ணை மூடிக்கொண்டு போய் ‘மூலத்துக்கு’ என்று சொன்னால் கைக்கு வருவது அதுதான். 1582இல் ஹெபெய் மாகாணத்தின் திங்சோவில் கண் மருந்துக் கடையாகத் தொடங்கியதாக அந்தக் கம்பெனி சொல்லிக்கொள்கிறது. இன்றைக்குத் தலைமையகம் வூஹானில். உள்ளே இருப்பதைப் படித்துக் காட்டினால் உங்கள் வீட்டுப் பாட்டியே தலையாட்டுவார்: கஸ்தூரி, கோரோசனை, முத்து, வெங்காரம், பச்சைக் கற்பூரத்தின் வகையைச் சேர்ந்த போர்னியால், சுட்ட கலமைன், ஆம்பர் என்னும் உறைந்த மரப்பிசின். நம் நாட்டு மருந்துக்கடைப் பட்டியல் மாதிரியே இருக்கிறது, இல்லையா? கஸ்தூரியும் கோரோசனையும் இப்போது செயற்கையாகச் செய்தவை. இதையெல்லாம் வாஸ்லினிலும் ஆட்டு ரோமக் கொழுப்பான லனோலினிலும் குழைத்திருக்கிறார்கள்.

இதில் எது வேலை செய்கிறது? உறுதியாகச் சொல்லக்கூடியது, யாரும் விளம்பரம் செய்யாத பொருட்களைப் பற்றித்தான். வாஸ்லின், லனோலின், கலமைன் மூன்றையும் ஆசனவாய் எரிச்சலுக்குத் தடவும் காப்புப் பூச்சுகளாக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மலமும் ஈரமும் புண்பட்ட தோலில் படாமல் ஒரு படலம் போடுகின்றன, அவ்வளவுதான். அம்மைக் கொப்புளத்துக்கு ரோஸ் நிறத்தில் தடவுவோமே, அதே கலமைன். போர்னியால், மென்தால் மாதிரி, தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தட்டி எழுப்பும். தடவிய உடனே ‘ஆகா’ என்று இருப்பதற்குக் காரணம் அது. கஸ்தூரியும் முத்தும் அதற்கு மேல் என்ன செய்கின்றன என்பதுதான் சந்தேகத்துக்குரிய பகுதி. நான் படித்த ஆய்வுகள் இந்தக் களிம்பை இன்னொரு களிம்போடு ஒப்பிட்டவை. கஸ்தூரி இல்லாத வெறும் அடிப்பூச்சோடு, பார்த்தால் வித்தியாசம் தெரியாதபடி ஒப்பிட்டால்தான் கஸ்தூரிக்கு மதிப்பெண் போட முடியும். அரிப்பும் எரிச்சலும் குறையும் என்று எதிர்பார்த்துத் தடவுங்கள், ஏமாற மாட்டீர்கள். இறங்கிய மூலம் மேலே ஏறும் என்று எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். கர்ப்பிணிகளுக்குக் கஸ்தூரி கூடாது என்பது சீன மரபே சொல்லும் விதி, அதை மீற வேண்டாம்.

அடுத்து ஊறல் பொட்டலம். கூஷென் வேர், ஹுவாங்பாய் மரப்பட்டை, வூபெய்ஸி, மாங்ஷியாவ் என்னும் சோடியம் சல்பேட் உப்பு, சில கடைகளில் படிகாரம். பொதுவாக இவைதான் இருக்கும். வூபெய்ஸி என்பது ஒருவகை மர இலையில் அசுவினிப் பூச்சி கூடு கட்டுவதால் உண்டாகும் புடைப்பு. எடையில் பாதிக்கு மேல் டானின் என்னும் துவர்ப்புப் பொருள். நம் மாசிக்காயும் இதே கதைதான், அதுவும் பூச்சியால் உண்டாகும் புடைப்பு, துவர்ப்புக்குப் பெயர் போனது. டானின் ஈரமான புண்ணின் மேல் புரதத்தை இறுக்கி ஒரு மெல்லிய தோல் போலப் படியும், கசிவு குறையும். ரசாயனம் புரிகிறது, நோயாளிக்கு எவ்வளவு பலன் என்பதுதான் கேள்வி. அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் ‘நல்லா இருக்கு’ என்றுதான் சொன்னார்கள். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு வெறும் வெந்நீரில் உட்காரச் சொன்னாலும் என் நோயாளிகள் அதையேதான் சொல்கிறார்கள். சீன ஆய்வுகளில் மூலிகைத் தண்ணீரைப் பெரும்பாலும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த தண்ணீரோடு ஒப்பிடுவார்கள், மூலிகை ஜெயிக்கும். எரிச்சல் தரக்கூடிய ஊதா மருந்தோடு போட்டி போட்டு ஜெயிப்பது பெரிய விஷயமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. போதாக்குறைக்கு, வெறும் வெந்நீர் ஊறலுக்கே நல்ல ஆய்வு குறைவு. நாங்கள் பழக்கத்தால் எழுதித் தருகிறோம், கெடுதல் இல்லை என்பதால் தொடர்கிறோம். இதை ஒப்புக்கொள்ளாமல் சீனாக்காரனை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாக இருக்காது.

உருண்டை மாத்திரை விஷயம் இவற்றில் சுவாரசியமானது. டப்பாவின் படத்தைப் பார்த்தால் ஹுவாய்ஜியாவ் வான் என்று தெரிகிறது. ஹுவாய் மரத்தின் காய், தியூ என்ற கிழங்கு, ஹுவாங்சின், கசப்பு ஆரஞ்சுக் காய்த் தோல், தாங்குவி வேர், ஃபாங்ஃபெங் ஆகியவை சேர்ந்த பழைய மருந்து. ஹுவாய், பெய்ஜிங்கின் நகர மரம். கோடையில் நடைபாதையெங்கும் வெளிர்மஞ்சள் பூவாகக் கொட்டிக்கிடக்கும், சைக்கிள் சக்கரத்தில் நசுங்கும். அதன் மொட்டில் ரூட்டின் என்னும் பொருள் ஏராளம். நல்ல சரக்கில் குறைந்தது 15 சதவீதம் இருக்க வேண்டும் என்று சீன அரசு மருந்துநூலே அளவு வைத்திருக்கிறது. இந்த ரூட்டினும், நாங்கள் அலோபதியில் மூலத்துக்கு எழுதித் தரும் டயாஸ்மின், ஹெஸ்பெரிடின் மாத்திரையும் ஒரே ரசாயனக் குடும்பம். ஹெஸ்பெரிடின் ஆரஞ்சு, எலுமிச்சை இனத்துத் தோலில் இருப்பது. அந்த வகை மாத்திரைகளைப் பற்றி 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் என்ற அமைப்பு 24 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. ரத்தம், அரிப்பு, கசிவு குறைகின்றன, வலியில் உறுதியான மாற்றம் இல்லை என்று வந்தது. ஆக, ‘பூவைத் தின்றால் ரத்தம் நிற்குமா’ என்று சிரிக்க வேண்டியதில்லை. நிற்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் நியாயம் இருப்பது வேறு, நிரூபணம் வேறு. அதே காக்ரேன் அமைப்பு 2010இல் மூலத்தின் ரத்தப்போக்குக்குச் சீன மூலிகைகளை மட்டும் தனியாக எடுத்து ஆராய்ந்தது. 9 ஆய்வுகள், 1,800க்கும் மேற்பட்ட நோயாளிகள். அதிகம் பயன்பட்டவை தியூ, ஹுவாய் காய், தாங்குவி, ஹுவாங்சின், ரெஹ்மானியா கிழங்கு. அதாவது, ரெஹ்மானியாவைத் தவிர, உங்கள் டப்பாவில் இருக்கும் அதே கூட்டம். சில ஆய்வுகளில் பலன் தெரிந்தது, ஆனால் ஆய்வுகளின் தரம் மட்டமாக இருந்ததால் உறுதியாகப் பரிந்துரைக்க முடியாது என்று முடித்துவிட்டார்கள். பக்கத்தில் இதையும் வைத்துப் பாருங்கள்: நார்ச்சத்துப் பொடியைப் பற்றி 7 ஆய்வுகள், மொத்தம் 378 பேர்தான், ஆனால் ரத்தப்போக்கு பாதியாகக் குறைகிறது என்று தெளிவாக வந்திருக்கிறது. மளிகைக் கடையில் கிடைக்கும் இசப்கோல், பட்டுச்சுவடி இல்லாமலேயே, இந்த உருண்டைகளை விட முன்னால் நிற்கிறது.

‘தரம் மட்டம்’ என்று நான் சொல்வது திமிர் என்று தோன்றலாம், அதனால் விளக்கிவிடுகிறேன். சீன ஆய்வுக் கட்டுரைகளில் ‘மொத்தப் பலன் வீதம்’ என்று ஒரு அளவு வரும். குணம், நல்ல பலன், பலன், பலனில்லை என்று நாலு கட்டம் போட்டு, முதல் மூன்றையும் கூட்டிவிடுவார்கள். கொஞ்சம் பரவாயில்லை என்று சொன்னவரும் முழுக்கக் குணமானவரும் ஒரே எண்ணிக்கையில் போய் 95 சதவீதம் என்று வந்து நிற்கும். யாருக்கு எந்த மருந்து என்று எப்படிக் குலுக்கிப் பிரித்தார்கள், மதிப்பிட்டவருக்கு அது தெரியுமா என்பது பல கட்டுரைகளில் இருக்காது. 1998இல் வந்த ஒரு பிரபலமான அலசலில் எந்தெந்த நாட்டு ஆய்வுகள் எத்தனை சதவீதம் ‘மருந்து ஜெயித்தது’ என்று முடிகின்றன என்று எண்ணினார்கள். இங்கிலாந்தில் 75, சீனாவில் 99. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை யாருக்கும் மருந்து ஜெயிக்காது. தோற்ற ஆய்வுகள் எல்லாம் அலமாரியில் தூங்குகின்றன என்று அர்த்தம். அப்போதைக்கு இப்போது நிலைமை தேறியிருக்கிறது, முன்கூட்டியே பதிவு செய்த, ஒழுங்காக நடந்த ஆய்வுகள் அங்கிருந்து வருகின்றன. ஆனால் மூல உருண்டை விஷயத்தில் நாம் நம்பியிருப்பது இன்னும் பழைய சரக்கைத்தான்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. மூலமும் வெடிப்பும் தானாகவே ஏறி இறங்கும் நோய்கள். நாள்பட்ட வெடிப்புக்கான ஆய்வுகளில் மருந்தே இல்லாத போலிக் களிம்பு தடவியவர்களில் சுமார் 35 சதவீதம் பேருக்குப் புண் ஆறிவிடுகிறது. நாங்கள் தரும் நைட்ரோகிளிசரின் களிம்புக்கே 49 சதவீதம்தான். ஆக, எந்தப் பச்சிலையை அரைத்துப் பூசினாலும் மூன்றில் ஒருவர் ‘எனக்கு ஆறிடுச்சு’ என்று சத்தியம் செய்வார். பொய் சொல்ல மாட்டார், நிஜமாகவே ஆறியிருக்கும். அந்த ஒருவர்தான் உங்கள் மைத்துனருக்குக் கடையைக் காட்டியவராக இருப்பார்.

சரி, சீன ஆசனவாய் வைத்தியத்தில் உறுதியாக நிற்பது எதுவுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது மூலிகை மாதிரியே தோற்றமளிக்காது. 1970களில் பெய்ஜிங்கின் குவாங்கான்மென் மருத்துவமனையில் ஷியாவ்ஜிலிங் என்ற ஊசி மருந்து உருவானது. பழைய துவர்ப்பு, சுருக்கும் மருந்துகளின் தத்துவத்தை எடுத்து, படிகாரத்தையும் டானிக் அமிலத்தையும் சுத்தம் செய்து, மூலத்துக்குள்ளேயே நாலு இடத்தில் செலுத்துவார்கள். ரத்த ஓட்டம் தடைபட்டு, திசு இறுகி, இறங்கிய மெத்தை தசையோடு ஒட்டிக்கொள்ளும். ஜப்பான் இதை எடுத்துச் செம்மைப்படுத்தி 2005 முதல் தங்கள் ஊரில் பயன்படுத்துகிறது. அங்கே ஆபரேஷனோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது, 28 நாளில் பிதுக்கம் மறைந்தவர்கள் ஊசியில் 94 சதவீதம், ஆபரேஷனில் 99. ஒரு வருடத்தில் திரும்ப வந்தது ஊசியில் 16 சதவீதம், ஆபரேஷனில் 2. எனக்குப் பிடித்த ஆய்வு இது, ஏனென்றால் இதில் ஊசி முழுக்க ஜெயிக்கவில்லை. வலி குறைவு, வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம், ஆனால் திரும்ப வர வாய்ப்பு அதிகம் என்று நோயாளியிடம் எண்ணிக்கையோடு சொல்ல முடிகிறது. இதைப் படித்துவிட்டு நம்மூரில் ‘ஒரே ஊசியில் மூலம் மாயம்’ என்று போர்டு வைத்திருப்பவரிடம் போய்விடாதீர்கள். ஆழம் தவறினால் மலக்குடல் சுவர் செத்துப்போகும், ஆசனவாய் பென்சில் அளவுக்குச் சுருங்கிவிடும். அப்படி வந்தவர்களை விரித்துவிட்டிருக்கிறேன். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இந்த ஊசியே கூடாது, படிகாரத்தில் இருக்கும் அலுமினியத்தை வெளியேற்ற அவர்களுக்கு வழியில்லை.

பவுத்திரத்துக்கும் அப்படித்தான். சுரங்கத்துக்குள் மருந்து நூலைக் கோத்துக் கட்டித் தொங்கவிட்டு, மெதுவாக அறுபட்டு ஆறவிடும் முறையை மிங் அரச வம்சக் காலத்துச் சீன நூல்கள் விவரிக்கின்றன. இங்கே நம் பக்கத்து ஆதாரம் அவர்களுடையதை விடக் கெட்டி. ஆயுர்வேதத்தின் க்ஷார சூத்திரம், அதாவது இலைக்கள்ளிப் பால், நாயுருவிச் சாம்பல் உப்பு, மஞ்சள் மூன்றையும் அடுக்கடுக்காகப் பூசிய நூல், 1960களில் வாரணாசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மறுபடி உயிர்பெற்றது. 1991இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பல மைய ஆய்வில் சுமார் 500 பேரைக் குலுக்கிப் பிரித்தார்கள். நூல் போட்டவர்களுக்கு ஆற 8 வாரம், ஆபரேஷன் செய்தவர்களுக்கு 4 வாரம். ஆனால் ஒரு வருடத்தில் திரும்ப வந்தது நூலில் 4 சதவீதம், ஆபரேஷனில் 11. அறுவை சிகிச்சைக்காரனான நானே பொருத்தமான பவுத்திரக்காரர்களை நல்ல ஆயுர்வேத மருத்துவரிடம் அனுப்புவதுண்டு. உங்கள் பிரச்சினை பவுத்திரம் அல்ல, இருந்தாலும் கேட்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

ஆபத்துப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய சீன முறையில் மூலத்தை வாட வைக்கும் பொடி என்று ஒன்று இருந்தது. வெள்ளைப் பாஷாணமும் படிகாரமும் சேர்த்துச் சுட்டது. மூலம் வாடும், சில நேரம் ஆளும் வாடுவார், பாஷாணம் ரத்தத்தில் ஏறிவிடும். இப்போது பாஷாணம் இல்லாமல் செய்கிறார்கள். ஆனால் பெயர் தெரியாத டப்பாக்களில் என்ன இருக்கும் என்பதற்கு ஒரு புதிய உதாரணம்: வியட்நாமிலிருந்து உறவினர் மூலம் வரவழைத்த ஆமணக்கு மூலக் களிம்பு ஒன்றைத் தடவிய பெண் ஒருவர் கலிபோர்னியாவில் ஈய விஷத்தால் இறந்தார். களிம்பில் 4 சதவீதம் ஈயம் என்று அந்த மாநில சுகாதாரத் துறை 2024இல் எச்சரிக்கை விட்டது. அது சீன மருந்து அல்ல, ஆனால் உங்கள் டியூப் வந்த வழியும் அதே வழிதான். இன்னொன்று, நிஜமாகவே வேலை செய்யும் மூலிகை கடிக்கவும் கடிக்கும். சிங்தாய் என்னும் நீலச் சாயப் பொடி, நம் அவுரியில் இருப்பதும் அதே சாயம்தான், பெருங்குடல் புண் நோய்க்கு ஜப்பானில் முறையாகச் சோதிக்கப்பட்டது. போலி மருந்தில் 14 சதவீதம் பேருக்குத் தேறியது, மூலிகையில் 70இலிருந்து 81 சதவீதம். அசத்தலான எண்கள். ஆனால் அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு நுரையீரல் தமனியில் ரத்த அழுத்தம் ஏறியதால் 2016 இறுதியில் அந்த நாட்டு சுகாதார அமைச்சகம் எச்சரிக்க, ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். உங்கள் உருண்டையில் இருக்கும் தாங்குவியும் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரினோடு ஒத்துப்போகாது. அந்த மருந்து எடுப்பவராக இருந்தால் டப்பாவைத் திறக்கவே வேண்டாம்.

வேடிக்கையாக ஒன்று. சீன வைத்தியர்கள் மலம் இளக எழுதும் மூலிகைகளில் ஃபன்ஷியே யே, ‘அந்நிய நாட்டுப் பேதி இலை’, என்று ஒன்று இருக்கிறது. சீன மருந்துநூலிலேயே இடம்பெற்ற அந்த இலையின் ஒரு வகை, உலகச் சந்தையில் திருநெல்வேலி சென்னா என்று போகும் நம் நிலாவாரை. பாக்கெட்டில் சீன எழுத்தோடு வந்தால் அதைப் புது மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். அவசரத்துக்கு இரண்டு நாள் சரி, மாதக்கணக்கில் வேண்டாம்.

இனி உங்களுக்கான நேரடி பதில். முதலில், இரண்டாம் நிலை மூலத்துக்கு, அதாவது முக்கும்போது இறங்கித் தானே உள்ளே போய்விடுகிற மூலத்துக்கு, சீன மருந்து இருக்கிறதோ இல்லையோ, உடனே ஆபரேஷன் என்பது வழக்கமான முதல் படி கிடையாது. இசப்கோல், நிறையத் தண்ணீர், கழிப்பறையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் இருப்பது, இதற்கெல்லாம் அடங்காவிட்டால் ரப்பர் வளையம். வளையம் மாட்ட மயக்க மருந்து வேண்டாம், ஓபியிலேயே சில நிமிட வேலை. எனவே இன்னொரு அறுவை சிகிச்சை மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். ஆபரேஷனைத் தவிர்க்கும் வழி உங்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

அதைவிட முக்கியமாக உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது வேறு: விரல் வைத்துப் பரிசோதித்ததாகவோ, குழாய் விட்டுப் பார்த்ததாகவோ ஒரு வார்த்தை இல்லை. சில வருடம் முன் என் சித்தப்பா போனில், “தம்பி, மூலம் மாதிரி இருக்குப்பா, ரெண்டு சொட்டு ரத்தம்” என்றார். “இசப்கோல் சாப்பிடுங்க சித்தப்பா, ஊருக்கு வரும்போது பாக்கறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். ஊருக்குப் போக ஐந்து மாதம் ஆனது. விரலை வைத்தபோது நுனியில் தட்டியது மூலம் இல்லை, கரடுமுரடாக, ஓரம் தடித்த கட்டி. சிகிச்சை நடந்தது, இருக்கிறார், ஆனால் வயிற்றில் பை மாட்டிக்கொண்டு இருக்கிறார். ஐந்து மாதம் முன்பே பார்த்திருந்தால் பை இல்லாமல் முடிந்திருக்குமா என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 

பரிசோதனை முடிந்து, மூலம்தான் என்று உறுதியான பிறகு அந்தக் களிம்பைத் தடவுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெட்டியின் மேல் இசட் என்ற ஆங்கில எழுத்தும் அதை அடுத்து எட்டு எண்களும் இருக்கிறதா பாருங்கள். அது சீன அரசு மருந்தாகப் பதிவு செய்ததற்கான அடையாளம். அது இல்லாமல், கிருமிநாசினி வகையில் மட்டும் அனுமதி வாங்கி ‘மூலக் களிம்பு’ என்று விற்பவை ஏராளம், அவற்றைத் தூக்கி எறிந்துவிடுங்கள். பொட்டலத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் உட்காரலாம், அரிப்போ சிவப்போ வந்தால் நிறுத்திவிட்டு வெறும் தண்ணீருக்கு மாறுங்கள். உருண்டையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இரண்டு வாரம் ஆகியும் ரத்தம் நிற்காவிட்டால், கறுப்பாக மலம் போனால், எடை குறைந்தால், மலம் கழித்த பிறகும் இன்னும் பாக்கி இருப்பது போலவே தோன்றினால், டியூபில் மிச்சம் இருக்கிறதே என்று பார்க்காமல் கிளம்பிவிடுங்கள். வயதையும் குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா என்பதையும் எழுதினால், பெருங்குடல் முழுவதையும் குழாய் விட்டுப் பார்ப்பது அவசியமா என்று சொல்கிறேன்.